பாலைத்துறையில் மலிவாக ஒரு வீடு

வழக்கமாக லியனார்ட் வீட்டுக்கு வந்து சேரும் முன்பே அவனுடைய மூச்சு வந்து சேர்ந்துவிடும். பஸ் நிற்கும் வளைவிலிருந்து குவாட்டர்ஸ் வரைக்கும் ஒரே ஏற்றம். பாதி வழியிலேயே அந்த இழுப்புச் சத்தம், ஓட்டை விழுந்த துருத்தியைப் போல விசிலும் கரகரப்புமாக, இடையிடையே நின்று இருமிக்கொண்டு, அடுப்படியில் நிற்கும் சிசிலியின் காதுக்கு ஏறி வரும். அவள் கொதிக்கும் தண்ணீரை இறக்கி, ஆடாதோடை இலையைப் போட்டு மூடி வைத்துவிட்டு வாசலுக்குப் போவாள். கல்யாணமானதிலிருந்து புருஷனை அவள் முதலில் காதால்தான் எதிர்கொண்டிருந்தாள்.

அன்று மத்தியானம் அந்தச் சத்தம் வரவில்லை. நவம்பர் மழை தகரக் கூரையில் அடித்துக்கொண்டிருந்தது. ஈர விறகின் புகை கண்ணைக் கரித்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது லியனார்ட் அடுப்படி வாசலில் நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை. அவன் காலடியில் தேங்கிய தண்ணீர் நிலைப்படியைத் தாண்டி உள்ளே ஓடி வந்திருந்தது.

"என்னங்க, எப்ப வந்தீங்க?"

"இப்பத்தான்."

"பொன்னையா அண்ணன் வரலீங்களா? ஒங்க பை எங்க?"

"அவருக்குக் கருவாட்டுச் சோலி இன்னும் இருக்கு. பைய அங்கயே வச்சிட்டேன். எப்படியும் திரும்பிப் போறதுதானே."

ஒரே மூச்சில் பேசினான். நடுவில் நிற்கவில்லை. சிசிலி அப்போதுதான் கவனித்தாள்.

"இழுப்பு?"

"போயிருச்சு சிசிலி," என்று லியனார்ட் சிரித்தான். "அங்க போனதும் போயிருச்சு."

அவள் அழுதுவிட்டாள். புகையால் ஏற்கெனவே கலங்கியிருந்த கண்ணோடு, அடுப்பு அணைந்ததையும் பார்க்காமல் அழுதாள்.

லியனார்ட் ஊசிமலைத் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூட மாஸ்டர். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகள் எல்லாரையும் ஒரே கூடத்தில் உட்கார வைத்து, தொண்டை கிழியக் கத்திப் பாடம் சொல்லிக் கொடுத்தவன். இரண்டு மழைக்காலமாக அவனால் கத்த முடியவில்லை. இந்தக் குளிரும் பனியும் சேர்ந்து நெஞ்சைத் தின்கிறது, இன்னொரு மழைக்காலம் தாங்காது, வெயிலும் கடல் காற்றும் உள்ள இடமாகப் பார்த்துப் போய்விடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தோட்டத்துத் தொரை அதற்குள் வேறு மாஸ்டரை ஏற்பாடு செய்துவிட்டார். கிறிஸ்துமஸ் முடிந்ததும் புது மாஸ்டர் குடும்பத்தோடு வருகிறார். குவாட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். சிசிலிக்கு இருந்தது ஒரே அண்ணன். பொகவந்தலாவையில் ஒரே அறையான லயக் காம்பராவில் பெண்டாட்டி, பிள்ளைகள், மாமியாரோடு படுக்கிறவர். இலங்கைப் பிரஜாவுரிமை மனு தள்ளுபடியாகி, இந்தியாவுக்குப் போவதா வேண்டாமா என்று அவரே தவித்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில்தான் லிந்துலை பஜாரில் கருவாட்டுக் கடை வைத்திருக்கும் பொன்னையா பாலைத்துறையைப் பற்றிச் சொன்னார். அவர் கருவாடு எடுக்கப் போகும் வடக்குக் கரையில் ஒரு சின்ன ஊர். கல் வீடுகளாகவே சும்மா பூட்டிக் கிடக்கின்றன. மாஸ்டருக்கு இருக்கிற கையிருப்புக்கு முற்றமும் கிணறும் உள்ள வீடே கிடைக்கும். சிசிலி கடலைப் பார்த்ததில்லை. அங்கே போவதை நினைத்தால் கல்லறைத் தோட்டத்துக்குப் போவதுபோல் இருந்தது அவளுக்கு. ஆனாலும் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அவள்தான் அவனை அனுப்பி வைத்தாள்.

இப்போது திரும்பி வந்திருக்கிறான். நெஞ்சு சுகமாகி.

அவனை முக்காலியில் உட்கார வைத்து, உப்புச் சிரட்டையை எடுத்துக்கொண்டு காலடியில் குந்தினாள். மழைநாளில் தேயிலைக்குள் நடந்து வருகிறவர்களின் காலில் அட்டை இல்லாமல் இருக்காது. விரலிடுக்கில், கணுக்காலில், முழங்காலுக்குப் பின்னால் எல்லாம் தேடினாள். ஒன்றுகூட இல்லை.

"குறுக்கு வழியாத்தான வந்தீங்க?"

"ஆமா. மலைக்குள்ளாலதான் ஏறினேன்."

அவன் பாதங்கள் வெளுத்து, நாளெல்லாம் துணி துவைத்த கையைப் போலச் சுருங்கிப் போயிருந்தன. மழையில் ஊறியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். துடைத்துவிட்டாள். துடைக்கத் துடைக்க ஈரம் வந்துகொண்டிருந்தது.

முதல் சில நாட்கள் அந்த வீட்டில் சந்தோஷம் இருந்தது. அதைப் பிறகு நினைத்தபோதும் சிசிலியால் மறுக்க முடியவில்லை. மகள் பிலோமினாவைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு லியனார்ட் மேட்டுக்கு மேடு ஏறி இறங்கினான். பிலோவுக்கு ஐந்து வயது. அப்பா தோளில் அவள் ஏறியதே இல்லை. மாலையில் மூவரும் அந்தோனியார் படத்துக்கு முன்னால் முழங்காலில் நின்றபோது லியனார்ட் ஜெபமாலையை நடுங்காத குரலில், ஒரு மந்திரத்தையும் விழுங்காமல் கடைசி வரை சொல்லி முடித்தான். சிசிலி கண்ணை மூடிக்கொண்டு ஆண்டவருக்கு நன்றி சொன்னாள். படுக்கையில் அவனுக்கு முதுகில் தலையணை அடுக்க வேண்டியிருக்கவில்லை. வீடு அமைதியாக இருந்தது. அவ்வளவு அமைதியில் தூங்கி அவளுக்குப் பழக்கமில்லை, அடிக்கடி விழித்துக்கொண்டாள்.

சாப்பாட்டு நேரத்தில் அவன் வீட்டைப் பற்றிப் பேசினான். சோற்றைப் பிசைந்து பிலோவுக்கு ஊட்டிக்கொண்டே பேசுவான்.

"மூணு அறை. நடுவுல கூடம். சன்னலைத் தொறந்தா கடல். கதவைத் தொறந்தா கடல்."

"அக்கம்பக்கத்துல ஆளுங்க இருக்காங்களா?"

"இருக்காங்க. நல்ல சனம். சத்தம் போடாத சனம்."

"அப்பறம் ஏங்க அவ்வளவு மலிவா குடுக்குறாங்க?"

லியனார்ட் பிலோவுக்கு இன்னொரு உருண்டை பிடித்தான். "திரும்பி வந்து கேக்குறதுக்கு யாரும் இல்ல," என்றான்.

பிலோவின் தட்டு காலியாகும். அவன் தட்டு அப்படியே இருக்கும். பசிக்கவில்லை என்பான். கடல் காற்றுப் பட்டால் பசி எடுக்கும் என்றுதான் சிசிலி கேள்விப்பட்டிருந்தாள்.

கம்பளிச் சட்டையில்லாமல் வாசற்படியில் உட்கார ஆரம்பித்தான். டிசம்பர் பிறந்து, காலையில் புல்லெல்லாம் வெள்ளையாய் விறைத்துக் கிடந்தது. தண்ணீர் பிடிக்கப் பீலிக்குப் போகிறவர்கள் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, வாயிலிருந்து புகை புகையாய் விட்டுக்கொண்டு போனார்கள். அவர்களுக்கு நடுவில் லியனார்ட் வெறும் பனியனோடு படியில் உட்கார்ந்து பிலோவுக்கு ஏதோ பாட்டுச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தான். சிசிலி குடத்தோடு வந்தவள் நின்றாள். பிலோ வாயைத் திறக்கும்போதெல்லாம் குட்டிக் குட்டியாய் வெள்ளைப் புகை வந்தது. லியனார்ட் பாடினான். பாடிக்கொண்டே இருந்தான். அவன் வாய்க்கு முன்னால் காற்று வெறுமையாக இருந்தது.

குடத்துத் தண்ணீர் தளும்பி அவள் காலில் விழுந்தது. அந்தக் குளிர் அவளை அடுப்படிக்குள் தள்ளியது.

அதற்குப் பிறகு பார்க்காமல் இருக்க முடியவில்லை. அவன் படுத்து எழுந்த கம்பளி எப்போதும் நசநசவென்று ஈரமாக இருந்தது. அடுப்புக்கு மேல் கொடி கட்டிக் காயப் போட்டாள். காய்ந்த இடத்தில் வெள்ளையாய்ப் பூத்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு. வியர்வை உப்பு இல்லை, கசந்தது. வீட்டுக்குள் ஒரு வாடை வந்து தங்கியிருந்தது, கருவாடும் இல்லை, மீனும் இல்லை, மழை பெய்யாத ஊரில் எங்கோ வெகுநாள் மூடிக் கிடந்த கிணற்றைத் திறந்ததுபோன்ற வாடை. சன்னலைத் திறந்து வைத்தாள். வெளியே தேயிலை மணத்தது. உள்ளே வாடை அசையவில்லை.

கீழ் லயத்துப் பேச்சியம்மா தேயிலைக் கொழுந்து எடுக்கிறவள். தினமும் சாயங்காலம் ஒரு கட்டு விறகு கொண்டுவந்து போடுவாள். அவள் சில நாட்களாக வரவில்லை. ஒருநாள் விறகோடு வந்து, வாசலில் ஏறாமல் முற்றத்திலேயே போட்டாள்.

"ஏன் பேச்சியம்மா, உள்ள வரலியா?"

"இல்லீங்கம்மா. புள்ளைக்குக் காய்ச்சல்." விறகை அடுக்கிக்கொண்டே கேட்டாள்: "மாஸ்டரய்யாவுக்கு ஒடம்பு சொகமாயிருச்சுங்களா?"

"சொகந்தான். ஏன்?"

பேச்சியம்மா தலையிலிருந்த சும்மாட்டைப் பிரித்து, திரும்பவும் சுற்றினாள்.

"அவரு ஊர்லருந்து வந்தன்னிக்கு நாங்க கொழுந்து எடுத்த நெரையத் தாண்டித்தாம்மா ஏறிப் போனாரு. கும்பிட்டேன், திரும்பிப் பாக்கல. அவரு நடந்து போன தடத்துல அட்டையெல்லாம் சுருண்டு சுருண்டு கெடந்துச்சு. உப்புப் போட்டாப்ல." அவள் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கவில்லை. "நாஞ் சொன்னேன்னு யாருகிட்டயும் சொல்லாதீங்கம்மா. நாளையிலருந்து வெறகுக்கு வேற ஆளப் பாருங்க."

அன்றைய மழை விடவே இல்லை. மறுநாளும் விடவில்லை. மத்தியானமே விளக்கு ஏற்ற வேண்டியிருந்தது. கூடத்துப் பாயில் லியனார்ட் மல்லாந்து படுத்திருந்தான். பிலோ அவன் மார்பில் தலையை வைத்து, கண்ணை மூடாமல் படுத்திருந்தாள்.

"தூங்குறியா பிலோ?"

"இல்லம்மா. கேக்குறேன்."

"என்ன கேக்குற?"

"கடல்," என்றாள் பிலோ. "அப்பாவோட நெஞ்சுல காதை வச்சா கடல் கேக்குது. வருது, போவுது. நீயும் கேளும்மா."

லியனார்ட் கண்ணைத் திறக்கவில்லை. தூங்குகிறானா என்று தெரியவில்லை. சிசிலி பிலோவைத் தூக்கி உட்கார வைத்தாள். குழந்தையின் ஒரு பக்கத்துக் கன்னமும் முடியும் சொதசொதவென்று நனைந்திருந்தன. அவள் கேட்க விரும்பவில்லை. ஆனால் இத்தனை வருஷம் அந்த நெஞ்சைக் கேட்டே வாழ்ந்தவள். பாயில் முழங்காலை ஊன்றி, குனிந்து, அவன் பனியனின் ஈரத்தின் மேல் காதை வைத்தாள்.

மூச்சு இல்லை.

துடிப்பு இல்லை.

வெகு ஆழத்தில், வெகு தூரத்தில், ஏதோ ஒன்று மெதுவாகப் புரண்டு வந்து, மோதி, சரளையை இழுத்துக்கொண்டு திரும்பிப் போனது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. திரும்பவும் வந்தது. அந்தச் சத்தத்தை அவள் அதுவரை கேட்டதில்லை. ஆனாலும் அது என்னவென்று அவளுக்குத் தெரிந்தது.

நிமிர்ந்தாள். லியனார்ட் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பார்வையில் கோபம் இல்லை, பயமுறுத்தல் இல்லை. பழைய அன்புதான் இருந்தது. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

"பயப்படாத," என்றான். "அங்க வந்துட்டா ஒனக்கும் ஒண்ணும் தெரியாது. மூச்சுக்குக் கஷ்டமே இல்ல."

சிசிலி பிலோவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "நாங்க வரலேன்னா?"

அவன் எழுந்து உட்கார்ந்தான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கஷ்டமான கணக்கைக் கேட்டால் யோசிப்பதுபோல, மோவாயைத் தடவிக்கொண்டு யோசித்தான்.

"வரலேன்னா சங்கடந்தான்," என்றான். "பாவம், அங்க இருக்குற சனம் எல்லாரும் இவ்வளவு தூரம் நடக்கணும்."

மறுநாள் காலையில் கிறிஸ்துமஸுக்குப் பிலோவுக்குச் சட்டைத் துணி எடுக்கப் போவதாகச் சொல்லி, குழந்தையை இழுத்துக்கொண்டு கிளம்பினாள். லியனார்ட் தடுக்கவில்லை. வாசற்படியில் உட்கார்ந்தபடி கையசைத்தான். "மெதுவா போங்க. அவசரம் ஒண்ணும் இல்ல," என்றான்.

லிந்துலை பஜாரில் பொன்னையாவின் கடை திறந்திருந்தது. வெளியூரிலிருந்து வந்து இறக்கிய கருவாட்டுச் சிப்பங்கள் இன்னும் வாசலிலேயே கிடந்தன. கடைக்குள் இருந்தவர் சிசிலியைக் கண்டதும் எழுந்துவிட்டார். மனுஷனின் முகம் கறுத்துப்போயிருந்தது. சவரம் செய்து பல நாளாகியிருக்க வேண்டும்.

"வாங்கம்மா," என்றார். பிலோவைப் பார்த்துவிட்டு சிசிலியின் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, நான் ஒங்க வீட்டுக்குத்தான் வரணும்னு இருந்தேன். எப்படி வர்றதுன்னு தெரியல."

"ஏண்ணே?"

அவர் மேசைக்கு அடியிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்தார். லியனார்டின் பை. மேலே அவனுடைய கம்பளிச் சட்டை மடித்து வைத்திருந்தது. அதன் மேல் அவன் காலில் போட்டுப் போன சப்பாத்து.

"மாஸ்டரை அந்த வீட்ல விட்டுட்டு நான் கருவாடு பாக்க அடுத்த ஊருக்குப் போனேன். திரும்பி வந்து பாத்தா சாமான் இருக்கு, ஆளு இல்ல. கடக்கரைல வலை காயப் போட்டவங்ககிட்ட விசாரிச்சேன். தண்ணிக்குள்ள எறங்கினதப் பாத்தோம்னாங்க. ஏறினதப் பாக்கலியாம்." அவர் பையைத் தடவினார். "அந்தக் கரையெல்லாம் தேடினேம்மா. வள்ளம் புடிச்சும் தேடினேன். நான்தான் அந்த எடத்தச் சொன்னேன். ஒங்க மொகத்துல எப்படி முழிப்பேன்னுதான்..."

"அப்பா வீட்ல இருக்காரே," என்றாள் பிலோ.

பொன்னையா அவளைப் பார்த்தார். பிறகு சிசிலியைப் பார்த்தார். அவர் முகத்தில் மெல்ல ரத்தம் ஊறி வந்தது. பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"வந்துட்டாரா? வீட்லயா இருக்காரு? அந்தோனியாரே." இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இப்பத்தாம்மா எனக்கு உசிரு வந்துச்சு. சொல்லாம கொள்ளாம வந்துட்டாருபோல. இருக்கட்டும், இருக்கட்டும். நல்லா இருக்காருல்ல?"

சிசிலி பையை வாங்கிக்கொண்டாள். கம்பளிச் சட்டை காய்ந்து, வெதுவெதுப்பாக, அவனுடைய பழைய தைலத்தின் மணத்தோடு இருந்தது. கடையை விட்டு இறங்கி, பஸ் நிற்கும் இடத்துக்கு வந்து, ஊசிமலைப் பக்கம் போகும் பஸ்ஸை விட்டுவிட்டு அட்டன் பஸ்ஸில் ஏறினாள்.

அட்டனிலிருந்து பொகவந்தலாவை. அண்ணன் வீடு. அண்ணி முகத்தைத் தூக்குவாள். மாமியார்க்காரி ஜாடையாகப் பேசுவாள். அடுப்படி ஓரத்தில் ஒரு சாக்கு விரிக்க இடம் கொடுத்தால் போதும். கொழுந்து எடுக்கக் கற்றுக்கொள்ளலாம். அந்தக் கடலுக்கு மாத்திரம் போவதில்லை. இத்தனை நாள் முடிவெடுக்க முடியாமல் கிடந்தது பஸ் கிளம்பிய நொடியில் முடிவாகிவிட்டது. சன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து, கம்பளிச் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, செத்துப்போன புருஷனுக்காக முதன்முதலாக அழுதாள். இந்தச் சட்டைக்குள் இருந்தவனின் இழுப்புச் சத்தம் ஒரே ஒரு தடவை கேட்டால் போதும் என்றிருந்தது. அழுதுகொண்டே இன்னொன்றையும் நினைத்தாள். புகை வராத அந்த வாயைப் பார்த்திருக்காவிட்டால், அந்த ஈரத்தைத் தொட்டிருக்காவிட்டால், அவனோடு அப்படியே இருந்திருக்கலாம். அவன் அன்பாகத்தான் இருந்தான்.

தலவாக்கலை தாண்டியதும் பனிமூட்டம் இறங்கியது. முதலில் மேலே இருந்த மலைகள் போயின. பிறகு சவுக்கு மரங்கள். பிறகு பாதையோரத்துக் கல். பஸ் ஊர்ந்தது. கண்டக்டர் இறங்கி, பாதை தெரிவதற்காக முன்னால் கையைக் காட்டிக்கொண்டு நடந்தான். ஒரு வளைவில் அவனும் தெரியவில்லை. டிரைவர் பிரேக்கை அழுத்தி, எஞ்சினை நிறுத்திவிட்டான். கொஞ்சம் விடட்டும், பிறகு போகலாம் என்று சிங்களத்தில் சொன்னான்.

எஞ்சின் நின்றதும் அந்தச் சத்தம் கேட்டது.

பாதைக்குக் கீழே, பள்ளத்தாக்கிலிருந்து வந்தது. புரண்டு வந்து, மோதி, இழுத்துக்கொண்டு போனது.

"அருவி," என்றார் முன் சீட்டில் இருந்த கிழவர். "மழைக்குப் பெருகிருச்சு."

அருவி நிறுத்தாமல் விழும். இது நின்று நின்று வந்தது. சிசிலி பிலோவை மடியில் இறுக்கிக்கொண்டு, சன்னல் கண்ணாடியை ஏற்றினாள். கண்ணாடி வழியாக வாடை வந்தது. மூடிக் கிடந்த கிணற்றின் வாடை. பஸ்ஸுக்குள் யாரோ இருமினார்கள். யாரோ கருவாடு கொண்டு வந்திருக்கிறார்களா என்று ஒரு பெண் கேட்டாள்.

"வந்துட்டாங்க," என்றாள் பிலோ.

"பேசாம இரு."

"அப்பா கூப்பிடுறாரும்மா."

"பிலோ, அம்மா சொல்றேன், பேசாம இரு."

குழந்தை நெளிந்தாள். ஈரச் சோப்பைப் போல நழுவினாள். சிசிலியின் கையில் கம்பளிச் சட்டைதான் இருந்தது. எழுந்து, கால்களை மிதித்து, கூடைகளைத் தாண்டி வாசலுக்கு வருவதற்குள் பிலோவின் மஞ்சள் கவுன் படியை விட்டு இறங்கி, வெள்ளைக்குள் போய்விட்டது.

"பிலோ."

பாதை விளிம்பு. ஒரு வடிகால். அப்பால் தேயிலைச் சரிவு. செடிகள் புடவையைப் பிடித்து இழுத்தன. சப்பாத்து ஒன்று பையிலிருந்து விழுந்து உருண்டது. அவள் நிற்கவில்லை. குழந்தையின் சிரிப்பு கீழே கேட்டது. இன்னும் கீழே. மேலே பஸ்ஸிலிருந்து யாரோ கத்தினார்கள். பிறகு அந்தக் குரல் இல்லை.

அவள் கால் தண்ணீரில் பட்டது.

மலையில் எந்தத் தண்ணீரும் பனிக்கட்டியாகத்தான் இருக்கும். இது வெதுவெதுப்பாக இருந்தது.

பனி அப்போது விலகியது. காற்று எதுவும் வீசாமல், யாரோ திரையை இழுத்ததுபோல விலகியது. கீழே பள்ளத்தாக்கு இல்லை. ஆறு இல்லை. எதிர்ப்பக்கத்து மலை, லயங்களின் கூரை, பாக்டரிப் புகைக்குழாய் ஒன்றும் இல்லை. சாம்பல் நிறத்தில் தண்ணீர், கண்ணுக்கு எட்டிய வரை, வானத்தைத் தொடும் வரை. தேயிலைச் செடிகள் வரிசை வரிசையாய் அதற்குள் இறங்கிப் போயின.

வரிசைக்கு வரிசை ஆட்கள் நின்றார்கள்.

கொழுந்து எடுக்கிறவர்கள் செடிகளுக்கு நடுவில் நிற்பதுபோல, இடுப்பளவில், ஒரே இடைவெளி விட்டு. ஆண்கள். பெண்கள். கைக்குழந்தையை இடுக்கிய ஒருத்தி. பட்டன் போட்ட சட்டையோடு ஒரு கிழவர். அவளுக்கு அவர்களில் ஒருவரையும் தெரியாது. யாரும் பேசவில்லை. யாரும் நடுங்கவில்லை. தண்ணீர் வரும்போது எல்லாரும் ஒருசேரக் கொஞ்சம் உயர்ந்தார்கள். போகும்போது ஒருசேரத் தாழ்ந்தார்கள். நடந்து வந்த களைப்பு முகங்களில் இருந்தது.

முன் வரிசையில் லியனார்ட். அவன் தோளில் பிலோ. மஞ்சள் கவுன் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. அவள் அம்மாவைப் பார்த்துக் கையை நீட்டி, "அம்மா" என்று வாயைத் திறந்தாள். வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. அந்த வாயிலிருந்து தண்ணீர்தான் வந்தது, ஒழுகிக்கொண்டே, நிற்காமல், அப்பாவின் தலையில் வழிந்து.

சிசிலி திரும்பிப் பார்த்தாள். மேலே பாதை இருந்த இடத்தில் வெள்ளை மட்டும் இருந்தது. தண்ணீர் அவள் முழங்காலுக்கு வந்திருந்தது.

லியனார்ட் பக்கத்தில் நின்ற பெண்ணைப் பார்த்துத் தலையசைத்தான். அந்தப் பெண் அடுத்தவரைத் தொட்டாள். அவர் அதற்கடுத்தவரைத் தொட்டார். வரிசை முழுவதும், கடைசி ஆள் வரைக்கும், பஸ்ஸில் புதிதாக ஏறுகிறவருக்கு ஒதுங்குவதுபோல, முணுமுணுக்காமல், பொறுமையாக, ஒவ்வொருவரும் ஓரடி தள்ளி நின்றார்கள்.

லியனார்டுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விழுந்தது.